தைத்தேனியத்தின் தேய்மானமும் உங்கள் மகளின் பட்டப்படிப்பும்

அன்புள்ள ஐயா,

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு, பொருட்பொறியியல் படித்து, பிளாஸ்மாவால், அதாவது மின்னேற்றம் பெற்ற வாயுவால், தைத்தேனியக் கலப்புலோகத்தின் தேய்மானத்தைக் குறைக்கும் ஆய்வில் ஈடுபடப் போவதாக உங்கள் மகள் பிடிவாதமாக நிற்பதாகவும், குடிசார் பொறியியல் என்றால் வீதி, பாலம் என்று கண்ணுக்குத் தெரியும் வேலை உண்டு, இதற்கு ஹற்றனிலோ நுவரெலியாவிலோ யார் வேலை கொடுப்பார்கள் என்றும் கேட்டு எழுதியிருந்தீர்கள். ஹற்றனில் யாரும் கொடுக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆயினும், தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருக்கும் உங்களுக்குப் பிள்ளை சொல்லும் விடயம் அந்நியமானதல்ல.

தேயிலைக் கொழுந்தை வெட்டிக் கிழித்துச் சுருட்டும் சீ.டீ.சீ. உருளைகளின் பற்கள் மழுங்குவதும், அவற்றைக் கழற்றித் தீட்டி மீண்டும் பூட்டுவதும் நீங்கள் அறிந்த வேலை. தைத்தேனியத்தின் குறையும் இந்தத் தேய்மானமே. 6 வீதம் அலுமினியமும் 4 வீதம் வனேடியமும் சேர்ந்த அதன் பிரபலமான கலப்புலோகம், அதே பருமனுள்ள உருக்கின் எடையில் ஏறத்தாழ 56 வீதமே கொண்டது, உறுதியானது, துருப்பிடிக்காதது, ஆகவே விமானங்களிலும் செயற்கை இடுப்பு மூட்டுகளிலும் பயன்படுகிறது. ஆனால் இன்னோர் உலோகத்துடன் உராயும்போது அதன் மேற்பரப்பு ஒட்டிக் கிழிந்துவிடும். செயற்கை மூட்டில் எலும்புக்குள் இறங்கும் தண்டைத் தைத்தேனியத்திலும், உராயும் பந்தைக் கோபாற்று-குரோமியத்திலோ செராமிக்கிலோ செய்வது இதனால்தான்.

இந்தக் குறையைத் தீர்க்க உங்கள் மகள் சொல்லும் பிளாஸ்மா முறை இதுதான்: தைத்தேனியப் பாகத்தை வெற்றிட அறைக்குள் வைத்து, குறைந்த அமுக்கத்தில் நைதரசனைச் செலுத்தி, பாகத்துக்கும் அறைச்சுவருக்கும் இடையில் பல நூறு வோல்ற்று மின்னழுத்தம் கொடுத்தால் வாயு பிளாஸ்மாவாகி ஒளிரும். அதிலுள்ள அயன்கள் பாகத்தைத் தாக்கி, நைதரசன் உள்ளே புகவிடாமல் தடுக்கும் ஒட்சைட்டுப் படையைப் பெயர்த்தெறிகின்றன. அதன் பின் நைதரசன் உலோகத்துக்குள் ஊடுருவி, மேலே தைத்தேனிய நைத்திரைட்டு என்னும் பொன்னிறப் படையை உண்டாக்குகிறது. கலப்புலோகத்தின் வன்மை விக்கர்ஸ் அளவில் சுமார் 350 என்றால், நைத்திரைட்டின் வன்மை 2000 அளவில் இருக்கும். உங்கள் கருவிப் பெட்டியில் பொன்னிறமான துளைப்பூசி (டிரில் பிட்) இருந்தால், அதில் பெரும்பாலும் உள்ளது அதே சேர்வைதான். ஆனால் துளைப்பூசியில் அது வெளியே பூசப்பட்ட மெல்லிய மேற்பூச்சு. இங்கோ கீழே நைதரசன் கரைந்து இறுகிய ஒரு பகுதியும் சேர்ந்திருப்பதால், மேற்படை தாங்குதலின்றி உடையும் அபாயம் குறைகிறது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. உருக்கை ஏறத்தாழ 500 பாகை செல்சியசில் இவ்வாறு பதப்படுத்தலாம். தைத்தேனியத்துக்குப் பொதுவாக 700 முதல் 900 வரை வேண்டும். அந்த வெப்பத்தில் உலோகத்தினுள் இருக்கும் நுண்ணிய பளிங்கு மணிகள் பெருத்து, மேற்படையும் நொறுங்கும் தன்மை பெறுவதால், மீண்டும் மீண்டும் சுமை ஏறி இறங்கும்போது பாகத்தில் வெடிப்பு விழுவதற்கான வாய்ப்பு கூடுகிறது. தேய்மானம் குறைய, களைப்புத் தாங்கும் திறனும் குறைகிறது. வெப்பத்தைக் குறைத்து அதே பயனைப் பெறுவது எப்படி என்பதே ஆய்வாளர்களின் உழைப்பு செல்லும் இடம். உங்கள் மகள் இந்தச் சிக்கலைத் தானாகவே எடுத்துச் சொன்னாளா என்று கேட்டுப் பாருங்கள். சொன்னாள் என்றால், அவளது ஆர்வம் பொன்னிறத்தைக் கண்டு வந்ததன்று.

வேலை விடயத்துக்கு வருகிறேன். விமான இயந்திரம் செய்யும் தொழிற்சாலை நம் நாட்டில் இல்லை. புல்மோட்டையில் தைத்தேனியத் தாது நிறைந்த மணலை அள்ளுகிறோம், ஆனால் உலோகமாக்காமலே ஏற்றுமதி செய்கிறோம், இது தனிக்கதை. ஆகவே இந்த ஆய்வுக்காகவே பட்டத்தைத் தெரிவு செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. பட்டத்தை அகலமாகப் படிக்கட்டும். பொருட்பொறியியல் கற்றவருக்கு இறப்பர், டயர், செராமிக், உலோக வார்ப்பு, தரக்கட்டுப்பாடு ஆகியவற்றில் உள்நாட்டிலேயே வேலைவாய்ப்பு உண்டு. ஆய்வு வேண்டுமானால், பட்டத்தின் பின் உதவித்தொகையுடன் வெளிநாட்டில் முதுநிலை ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குப் பல வருடங்கள் பிடிக்கும், அதுவரை பெரிய சம்பளம் வராது என்பதைக் குடும்பமாக இருந்து இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

பொருள் விஞ்ஞானத்துக்கும் பொறியியலுக்கும் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் தனித் துறை உண்டு. ஆனால் பொறியியற்பீடங்களில் பொதுவான ஆரம்பக் கட்டத்தின் பின், பெறுபேற்றையும் விருப்பத்தையும் பார்த்தே துறைகள் ஒதுக்கப்படுவது வழமையாகையால், அனுமதி கிடைத்தாலும் அந்தத் துறை உறுதியில்லை. பேராதனையில் இயந்திரவியல் பொறியியல் படித்தும் இதே ஆய்வுக்கு வரலாம். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கப்படும் இசட் புள்ளி போதாவிட்டால் விஞ்ஞான பீடத்தில் பௌதிகவியலும் இரசாயனவியலும் படித்து வருவது மூன்றாவது வழி. அது தாழ்ந்த வழியன்று, பிளாஸ்மாவைப் பொறுத்தவரை சில வேளைகளில் அதுவே நேரான வழி. எங்கு போனாலும் விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும் என்பதால், தமிழ்மொழி மூலம் படித்த பிள்ளை, பல்கலைக்கழகம் தொடங்கும் வரையுள்ள மாதங்களை ஆங்கிலத்துக்குச் செலவிடட்டும்.

விண்ணப்பத்தை நிரப்புமுன், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இவ்வாண்டுக் கைநூலையும், உங்கள் மாவட்டத்துக்குரிய கடந்த ஆண்டுகளின் வெட்டுப்புள்ளிகளையும் இருவரும் சேர்ந்து பாருங்கள். மொறட்டுவையை முதலாவதாகவும் பேராதனையை இரண்டாவதாகவும், விஞ்ஞான பீடங்களை அவற்றின் கீழும் இடச் சொல்லுங்கள்.