மோதல் எல்லாம் ஃபவுலா? – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். தொண்ணூறுகளில் திருச்சியில் கல்லூரி டீமுக்கு பாஸ்கெட்பால் ஆடியவன். மகள் இங்கே ஒன்பதாம் வகுப்பில் பள்ளி டீமில் சேர்ந்ததும் எனக்கும் பழைய ஆசை கிளம்பிவிட்டது. ஹைஸ்கூல் நடுவர் தேர்வு எழுதித் தேறிவிட்டேன். நீங்களும் விசில் ஊதுகிறவர் என்று உங்கள் தளத்தில் படித்ததால் கேட்கிறேன்.

தேர்வில் நல்ல மார்க்தான். கோர்ட்டில் இறங்கினால் வேறு கதை. ஒரு ஜேவி (பள்ளியின் இரண்டாம் நிலை டீம்) பெண்கள் ஆட்டத்தில், பந்தோடு வேகமாக வந்த பெண் தடுப்பவளின் நெஞ்சில் நேராக மோதினாள். தடுப்பவள் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தாள், நிற்கவில்லை. அதனால் ‘பிளாக்’, அதாவது தடுப்பவள் மேல் ஃபவுல் என்று ஊதினேன். கோச் கத்தித் தீர்த்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி பாய்ந்து விழுந்து பந்தைப் பிடித்து, அப்படியே தரையில் சறுக்கிக்கொண்டு போனாள். கேலரி மொத்தமும் ‘டிராவல்’ (பந்தைப் பிடித்தபடி விதிமீறி நகர்ந்தது) என்றது. நான் ஊதவில்லை. சரியா தப்பா என்று இன்னும் தெரியவில்லை.

என்னோடு ஊதிய சீனியர், ‘ரூல்புக்கை வீட்டில் வைத்துவிட்டு வா, ஆட்டத்தைப் பார்த்து ஊது’ என்கிறார். இன்னொருவர், ‘புத்தகத்தில் இருப்பதை ஊது, மற்றது உன் வேலை இல்லை’ என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இன்னும் இரண்டு சின்னக் கேள்விகள். மகள் தோனி ரசிகை, 7ஆம் எண் பனியன் கேட்டாள். கிடையாது என்றுவிட்டார்கள். ஏன்? அவள் ஆடும் ஆட்டத்துக்கே என்னை அனுப்பினால் நான் போகலாமா?

ஆர்.,
நியூ ஜெர்சி

*

அன்புள்ள ஆர்.,

இரண்டு சீனியர்களும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். விதி ஒரு பக்கம், விவேகம் இன்னொரு பக்கம் என்று பிரித்து வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள். அவர்கள் விவேகம் என்று சொல்வதில் பெரும்பகுதி ரூல்புக்கிலேயே அச்சாகி இருக்கிறது.

உங்கள் இரண்டு ஆட்டக் காட்சிகளையும் முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் ஊதிய பிளாக் தப்பு. ஊதாமல் விட்ட டிராவல் சரி.

தடுப்பவர் அசையாமல் நிற்க வேண்டும் என்று பள்ளி ஆட்ட விதியில் எங்கேயும் இல்லை. சட்டப்படியான தடுப்பு நிலைக்கு ஆரம்பத்தில் இரண்டே நிபந்தனைகள்: இரண்டு பாதமும் கோர்ட்டைத் தொட்டிருக்க வேண்டும், உடலின் முன்பக்கம் எதிராளியைப் பார்த்திருக்க வேண்டும். அந்த நிலை ஒருமுறை கிடைத்துவிட்டால் அதற்கப்புறம் அவள் பக்கவாட்டில் நகரலாம், சாய்வாக நகரலாம், பின்னால் போகலாம். மோதும் நேரத்தில் ஒரு காலோ இரண்டு காலுமோ தரையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அடி விழப்போகிறது என்று உடம்பைத் திருப்பிக் குறுக்கிக்கொள்ளவும் அவளுக்கு உரிமை உண்டு. பந்து வைத்திருப்பவளுக்கு இவ்வளவு தூரம் விட வேண்டும், இவ்வளவு நேரம் கொடுக்க வேண்டும் என்ற கணக்கும் கிடையாது. மோதும் கணத்தில் எதிராளியை நோக்கி முன்னேறக் கூடாது, அவ்வளவுதான். பந்துக்காரி ஏற்கெனவே எகிறிவிட்டிருந்தால் மட்டும் கேள்வி மாறும்: அவள் கால் தரையை விடுமுன் இவள் இடம் பிடித்துவிட்டாளா என்று பார்க்க வேண்டும். நீங்கள் சொன்னபடி பின்னால் போனவளின் நெஞ்சில் நேராக மோதியிருந்தால் அது சார்ஜ், அதாவது பந்துக்காரி மேல் ஃபவுல்; கோச் கத்தியதில் நியாயம் இருக்கிறது.

தொலைக்காட்சியில் கூடைக்கு அடியில் ஓர் அரைவட்டக் கோடு பார்த்திருப்பீர்கள், அதற்குள் நிற்கும் தடுப்பவர் மேல் மோதினால் பொதுவாகச் சார்ஜ் கிடையாது. என்பிஏவில் உண்டு, கல்லூரியில் உண்டு, சர்வதேச விதியிலும் உண்டு. பள்ளி விதியில் அது இல்லை. கேலரியில் இருந்து ‘கோட்டுக்குள் நிற்கிறாள்’ என்று ஓர் அப்பா எழுந்து நின்று கத்துவார். அந்தக் கோடு கல்லூரி ஆட்டத்துக்காக அந்த ஜிம்மில் போட்டதாக இருக்கும்.

சறுக்கிய பெண்ணுக்கு வருகிறேன். விழுந்த வேகத்தில் பந்தோடு எவ்வளவு தூரம் சறுக்கினாலும் டிராவல் இல்லை. சறுக்கல் நின்ற பிறகு என்ன செய்கிறாள் என்பதுதான் கேள்வி. மல்லாந்து கிடந்தால் எழுந்து உட்காரலாம். பாஸ் கொடுக்கலாம், ஷாட் போடலாம், டிரிபிளை (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போவதை) தொடங்கலாம், டைம்அவுட் கேட்கலாம். புரளக் கூடாது, பந்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க முயலக் கூடாது. நடைமுறையில் என்ன நடக்கும் தெரியுமா? மேலே இரண்டு பேர் வந்து விழுவார்கள், பந்தைக் காப்பாற்ற அந்தப் பெண் ஒருக்களித்துப் புரள்வாள். உங்கள் விசில் அந்தப் புரளலுக்குத்தான். கூட்டமோ சறுக்கும்போது கத்தி முடித்திருக்கும். புரண்டதற்கு நீங்கள் ஊதினால், அவர்கள் கத்தியதற்காகத் தாமதமாக ஊதியதாக நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

இந்த இரண்டுமே நாலாவது விதியில் இருக்கின்றன. அமெரிக்கப் பள்ளி ஆட்டங்களுக்கு விதி எழுதும் என்எஃப்எச்எஸ் அமைப்பின் ரூல்புக்கில் மொத்தம் பத்து விதிகள். நாலாவது முழுக்க வரையறைகள்: தடுப்பு என்றால் என்ன, டிரிபிள் என்றால் என்ன, கை தவறி நழுவுவது என்றால் என்ன, தற்செயல் மோதல் என்றால் என்ன. தேர்வுக்குப் படிப்பவர்கள் ஒன்பதையும் பத்தையும், அதாவது மீறல்களையும் ஃபவுல்களையும் உருப்போட்டுவிட்டு நாலாவதை மேலோட்டமாகப் புரட்டுகிறார்கள். திறந்த புத்தகத் தேர்வில் அதிலேயே நல்ல மார்க் வந்துவிடும். கோர்ட்டில் நீங்கள் திணறும் இடமெல்லாம் நாலாவது விதியாகத்தான் இருக்கும்.

தற்செயல் மோதல் பற்றிய பகுதியை மட்டுமாவது இன்று இரவே படித்துவிடுங்கள். மோதல் நடந்தது என்பதாலேயே அது ஃபவுல் ஆகிவிடாது என்று அங்கே தெளிவாக இருக்கிறது. இருவருக்கும் பந்தை எடுக்கச் சமமான வாய்ப்பு இருக்கும்போது மோதிக்கொண்டால், அடி பலமாகவே பட்டிருந்தாலும் ஃபவுல் இல்லை. எதிராளியின் இயல்பான ஆட்டத்தைத் தடுக்காத தொடுகையும் ஃபவுல் இல்லை. கண்ணுக்குத் தெரியாத பக்கம் சட்டப்படி போட்ட ஸ்கிரீனில் (தன் அணிக்காரிக்கு வழிவிட ஒருத்தி மறித்து நிற்பது) எதிரணிப் பெண் ஒருத்தி முழு வேகத்தில் மோதி, உடனே நிற்க முயன்று, தரையில் சாய்கிறாள் என்று வையுங்கள். ஜிம் முழுக்க ஒரு ‘ஓ’ கேட்கும். ஊத வேண்டியது எதுவும் இல்லை. சீனியர் ‘ஆட்டத்தைப் பார்த்து ஊது’ என்று சொன்னது இதைத்தான். ஆனால் இதற்குப் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டியதில்லை, புத்தகமே இதைத்தான் சொல்கிறது. விதிகளின் நோக்கம் பற்றி அதில் ஒரு பத்தி உண்டு. தாக்கும் அணிக்கும் தடுக்கும் அணிக்கும் சமவாய்ப்பு இருக்க வேண்டும், விதி தர நினைக்காத ஆதாயம் யாருக்கும் போகக் கூடாது, அந்த நோக்கம் தெரிந்து விதியைப் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம்.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றுக்கும் ‘யாருக்கும் ஆதாயம் இல்லையே’ என்று விட்டுவிடும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அவர்களோடு எனக்குச் சண்டைதான். பக்கத்தில் தடுக்க ஆளே இல்லாமல் ஒருத்தி டிராவல் செய்தாலும் டிராவல் டிராவல்தான். கோட்டை மிதித்தால் மிதித்ததுதான். பந்து, கோடு, கால், கடிகாரம் சம்பந்தப்பட்ட விதிகளில் ஆதாயக் கணக்குக்கு வேலையே இல்லை. உடம்பு உடம்போடு மோதும் இடத்தில்தான் அந்தக் கணக்கு.

இந்தப் பிரிவினை ஆட்டம் பிறந்தபோதே இருந்தது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளியில் எழுதிய 13 விதிகளைப் பாருங்கள். பத்தாவது விதியில் அம்பயர் ஆட்களுக்கு நீதிபதி, ஃபவுலைக் குறிப்பவர். பதினோராவதில் ரெஃபரீ பந்துக்கு நீதிபதி: பந்து ஆட்டத்தில் இருக்கிறதா, யாருக்குச் சேரும், கோல் விழுந்ததா என்று முடிவு செய்பவர். ஆளுக்கு ஒருவர், பந்துக்கு ஒருவர். இன்றும் பள்ளி ஆட்டத்தில் குழுத் தலைவருக்கு ரெஃபரீ என்றும் மற்றவர்களுக்கு அம்பயர் என்றும்தான் பெயர், இரண்டு வேலையையும் எல்லோரும் செய்தாலும். (அந்த ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக்தான் 1920இல் சென்னையில் ஒய்எம்சிஏ உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே பயின்ற உடற்கல்வி ஆசிரியர்களில் யாரோ ஒருவரிடமிருந்துதான் உங்கள் திருச்சி ஆட்டமும் வந்திருக்கும்.)

மோதலிலும் ஓர் இடத்தில் ஆதாயக் கணக்கை விதியே பிடுங்கிவிட்டது. பந்து கொண்டுவருபவர் மேல் கை வைப்பது. 2014-15 சீசனிலிருந்து நான்கு செயல்கள் நேரடியாக ஃபவுல்: இரண்டு கையையும் வைப்பது, நீட்டிய முன்கையால் முட்டுக்கொடுப்பது, கையை வைத்து எடுக்காமல் இருப்பது, தொட்டுத் தொட்டு எடுப்பது. ‘பாதிப்பு இல்லையே சார்’ என்று கோச் சொல்வார். பாதிப்பை யாரும் கேட்கவில்லை. இதை முதல் குவார்ட்டரிலேயே இரண்டு முறை ஊதிவிட்டால் பெண்கள் கையை எடுத்துவிடுவார்கள். மூன்றாவது குவார்ட்டரில் திடீரென்று ஆரம்பித்தால் உங்கள்மேல்தான் எரிச்சல் வரும்.

கேலரி சட்டம் என்று ஒன்று தனியாக ஓடிக்கொண்டிருக்கும், அதற்குப் பழகிக்கொள்ளுங்கள். ‘ஓவர் தி பேக்’ என்று ஒரு ஃபவுல் புத்தகத்தில் இல்லை. உயரமான பெண் குட்டையானவளின் தலைக்கு மேலே கையை நீட்டி, அவளைத் தொடாமல் ரீபவுண்டை (கூடையில் விழாமல் திரும்பும் பந்தை) எடுத்தால் அது உயரம், குற்றமில்லை. முதுகில் ஏறியோ இடித்தோ தள்ளினால்தான் ஃபவுல். ‘ரீச்’ என்பதும் அப்படியே, கை நீட்டுவது யாரையும் ஒன்றும் செய்யாது. பந்தின் மேல் இருக்கும் கையில் தற்செயலாகப் பட்டால் அதுவும் ஃபவுல் இல்லை.

தாக்கும் அணிக்காரி லேனுக்குள் (கூடைக்கு முன்னால் உள்ள கட்டம்) மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதி பற்றிக் கத்துபவர்கள் பெரும்பாலும் ரீபவுண்டின் போது கத்துவார்கள். ஷாட் கையை விட்டுக் கிளம்பியதுமே அணியின் கட்டுப்பாடு முடிந்துபோகிறது, கூடவே உங்கள் எண்ணிக்கையும். கூடைக்கு அடியில் நான்கு தடவை தட்டித் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாலும் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. சும்மா லேனுக்குள் நிற்பவளிடம், ‘32, வெளியே வா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், முக்கால்வாசி முடிந்துவிடும். இது புத்தகத்தில் இல்லாத வழக்கம். நல்ல வழக்கம்.

தொண்ணூறுகளில் ஆடியவர் என்பதில் உங்களுக்கு ஒரு லாபம். அன்றைய சர்வதேச விதியில் பின்பாதியைத் தாண்டப் பத்து விநாடி. 2000இல் அதை எட்டாகக் குறைத்தார்கள். இங்கே பள்ளியில் இன்றும் பத்துதான். பந்தைச் சேர்த்துப் பிடிக்கும்போது ஒரு காலைக் கணக்கில் விடும் ‘ஜீரோ ஸ்டெப்’ சர்வதேச விதியில் 2017இல் வந்தது, பள்ளி விதியில் இல்லை. பந்து கைக்கு வந்தபோது தரையில் இருக்கும் கால்தான் பிவட், அதாவது ஊன்றுகால். இன்ஸ்டாகிராமில் பார்த்துப் பழகிய ஸ்டெப்-பேக்கில் பாதி டிராவல், உங்கள் பழைய கண்ணுக்கு அது தானாகவே உறுத்தும். அந்த உறுத்தலை நம்புங்கள். ஆனால் பந்தைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். மோதலில் பந்துக்காரியைப் பார்க்காதீர்கள், தடுப்பவளைப் பாருங்கள். பிளாக்-சார்ஜில் தப்பு நடப்பது பெரும்பாலும் தடுப்பவளை மோதிய பிறகுதான் முதல்முறையாகப் பார்ப்பதால்.

கோச் விஷயம் சுருக்கமாக. கேள்வி கேட்டால் ஒரு வரியில் பதில், கத்தினால் காதில் விழாதது போல. பிளாக்கா சார்ஜா என்ற உங்கள் தீர்மானத்தை யாரும் திரும்பத் திருத்த முடியாது, சீசன் ஆட்டங்களில் வீடியோவும் கிடையாது. விதியைத் தப்பாகப் பொருத்தியதில் சிலவற்றை மட்டும் திருத்தலாம். கொடுக்க வேண்டிய ஃப்ரீத்ரோவைக் கொடுக்காமல் விட்டது அதில் ஒன்று, அதற்கும் கெடு உண்டு. 2023-24இலிருந்து அணி ஃபவுல் எண்ணிக்கை ஒவ்வொரு குவார்ட்டரிலும் பூஜ்யத்துக்குப் போகிறது, ஐந்தாவது ஃபவுலில் இரண்டு ஃப்ரீத்ரோ. முதல் ஃப்ரீத்ரோ விழுந்தால்தான் இரண்டாவது என்ற பழைய ‘ஒன் அண்ட் ஒன்’ போய்விட்டது. பழைய ஆட்கள் இன்னும் ஏழாவது ஃபவுலுக்குக் காத்திருப்பார்கள். ஒவ்வொரு ஃபவுலுக்குப் பிறகும் ஸ்கோரர் மேசையிடம் எண்ணிக்கையைக் கேட்டுக்கொள்ளுங்கள். கேலரியோடு பேசவே பேசாதீர்கள். அங்கே யாராவது எல்லை மீறினால் சமாளிப்பது ஆட்டத்தை நடத்தும் பள்ளியின் பொறுப்பு, அவர்களின் ஆளைக் கூப்பிடுங்கள்.

மகளின் 7: பனியன் எண்ணில் 0 முதல் 5 வரையுள்ள இலக்கங்கள் மட்டும்தான் வரலாம். நீங்கள் மேசைக்குப் போய் விரலால் எண்ணைக் காட்ட வேண்டுமே, ஒரு கையில் ஐந்து விரல்தானே. 23 என்றால் வலது கையில் இரண்டு, இடது கையில் மூன்று. ஸ்கோரர் எதிரே உட்கார்ந்து பார்ப்பதால் அவருக்கு வரிசையாக இருபத்துமூன்று என்று படும். 7க்கு ஒரு கையில் வழியில்லை. கல்லூரி ஆட்டத்தில் இந்தக் கட்டுப்பாட்டை 2023இல் எடுத்துவிட்டார்கள், அதுவரை பொறுக்கச் சொல்லுங்கள்.

மகளின் ஆட்டத்துக்குப் போகக் கூடாது. எவ்வளவு நேர்மையாக ஊதினாலும் எதிர் டீமின் பெற்றோர் நம்பமாட்டார்கள், அதைவிட மோசம், நேர்மையைக் காட்ட உங்கள் மகள்மேலேயே இரண்டு ஃபவுல் கூடுதலாக ஊதிவிடுவீர்கள். நடுவர்களை ஆட்டங்களுக்கு ஒதுக்கும் அசைனருக்கு இன்றே எழுதி அந்தப் பள்ளியின் ஆட்டங்களுக்கு உங்களைப் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆர்பிட்டர் என்ற ஒதுக்கீட்டுத் தளத்தில் ஆட்டம் வருகிறதென்றால் அந்தப் பள்ளியை நீங்களே பிளாக் செய்யவும் வழி இருக்கிறது. அவள் ஆடும் நாட்களில் கேலரியில் உட்காருங்கள். கத்த மட்டும் வேண்டாம், மற்ற நடுவர்கள் உங்களைத் தெரிந்துவைத்திருப்பார்கள்.