30 மீட்டர் தள்ளி நிற்கும் பலகை: தனியாளாகப் படமெடுக்க எதை வாங்குவது?

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் எங்க தென்னந்தோப்புல 30 மீட்டர் தூரத்துல பலகை வச்சு ரிகர்வ் வில்லுல பழகறேனுங்க. அமெரிக்காவுல வில்வேட்டைக்காரங்க மரத்து மேல உட்கார்ந்து தனியாளா படமெடுக்கறாங்கள்ல, அந்த மாதிரி நானும் துணையாள் இல்லாம எடுக்கோணும். அம்பு எங்க பாயுதுன்னு தெளிவா தெரியோணும். கையில 40,000 ரூபாய் இருக்குது. ஆக்‌ஷன் கேமரா, ட்ரைபாட், மைக், லைட் எல்லாம் சேர்த்து ஒரே செட்டா 38,000 ரூபாய்க்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் வாங்கித் தர்றேங்கறாரு. வாங்கலாமுங்களா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் தேவைக்கு அந்த செட்டில் உள்ள முக்கியமான பொருளே பொருந்தாது.

ஆக்‌ஷன் கேமராவின் லென்ஸ் மிக அகலமாகப் பார்க்கும். 30 மீட்டர் தள்ளி ஏறக்குறைய 65 மீட்டர் அகலத்துக்குத் தோப்பு முழுவதையும் அது படத்துக்குள் கொண்டுவந்துவிடும். உங்கள் பலகைத் தாளின் குறுக்களவு 122 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் அகலமுள்ள டிவியில் போட்டுப் பார்த்தால் அது 2 செ.மீ.கூட இருக்காது. சாதாரண செல்போன் கேமராவில் 3 செ.மீ. அந்த 3 செ.மீ.க்குள் பத்து வளையங்களும் அடங்க வேண்டும் என்றால், அம்பு நடு மஞ்சள் வளையத்தில் பாய்ந்ததா அதற்கடுத்த சிவப்பில் பாய்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. 4கே, 5கே என்று பெட்டியில் எவ்வளவு பெரிதாக அச்சடித்திருந்தாலும் இது மாறாது. உங்களுக்கு வேண்டியது ஆப்டிகல் ஜூம், அதாவது லென்ஸே நகர்ந்து தூரத்துப் பொருளை இழுத்துக் காட்டுவது. டிஜிட்டல் ஜூம் என்பது எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே. ‘120x’ என்று கொட்டை எழுத்தில் இருந்தால் அது எந்த ஜூம் என்று கேளுங்கள். விற்பவர் மழுப்பினால் கடையைவிட்டு வெளியே வந்துவிடலாம்.

30 மடங்கு ஆப்டிகல் ஜூம் உள்ள பழைய ஹேண்டிகேம் ஒன்று உங்களுக்குப் போதும். பாதி ஜூமில் வைத்தாலே படத்தின் அகலம் 2.7 மீட்டர் அளவுக்குச் சுருங்கி, பலகை திரையில் கிட்டத்தட்ட பாதியை அடைத்துக்கொள்ளும். கல்யாண வீடியோ எடுப்பவர்கள் பெரிய கேமராவுக்கு மாறும்போது இவற்றை விற்பார்கள். 15,000 முதல் 18,000 வரை ஒதுக்குங்கள். வாங்குமுன் டார்ச்சை லென்ஸுக்குள் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் வெள்ளை நூல் படர்ந்திருந்தால் அது பூஞ்சை, தொடாதீர்கள். ஜூமை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நாலு தடவை ஓட்டுங்கள். கரகரவென்றால் வேண்டாம். பேட்டரியைச் சார்ஜ் போட்டு, அரைமணி நேரம் நிற்காமல் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

இதில் ஒரு விலக்கு உண்டு, அதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் செல்போனில் 5 மடங்கு ஆப்டிகல் டெலி லென்ஸ் இருந்தால் ஹேண்டிகேமே தேவைப்படாமல் போகலாம். அதில் 30 மீட்டரில் படத்தின் அகலம் 9 மீட்டர். பலகை சற்றுச் சிறியதுதான், ஆனாலும் 4கே-யில் எடுத்தால் எந்த நிறத்தில் பாய்ந்தது என்று தெரியும். பிரச்சினை என்னவென்றால், பல போன்கள் டெலி லென்ஸைப் பயன்படுத்துவதுபோல் காட்டிவிட்டு, உள்ளே மெயின் லென்ஸ் படத்தை வெட்டிக் கொடுக்கும். வெளிச்சம் குறைந்தால் அப்படிச் செய்யும், ஸ்லோமோஷனுக்குப் போனாலும் செய்யும். கண்டுபிடிப்பது எளிது. 5x வைத்து, வீடியோ ஓடும்போதே மெயின் லென்ஸை விரலால் மூடுங்கள். திரை இருண்டால் அது வெட்டிய படம். இருளாவிட்டால் டெலி லென்ஸ்தான் வேலை செய்கிறது. இந்தச் சோதனையைக் கடை வெளிச்சத்தில் ஒரு தடவையும், தோப்பு நிழலில் காலை ஆறரை மணிக்கு ஒரு தடவையும் செய்யுங்கள். கடையில் தேறிய போன் நிழலில் தோற்பது உண்டு. இரண்டிலும் தேறினால், கேமராவுக்கு ஒதுக்கிய பணம் அப்படியே மிச்சம்.

அடுத்தது ட்ரைபாட், அதாவது கேமரா முக்காலி. பலர் இதில்தான் மிச்சம்பிடித்து மாட்டிக்கொள்கிறார்கள். இவ்வளவு ஜூமில் கேமரா ஒரு டிகிரி அசைந்தாலே படம் 52 செ.மீ. நகர்ந்து, பலகை நடுவிலிருந்து விலகிப் போய்விடும். அமெரிக்க வேட்டைக்காரர்கள் மரத்தில் பட்டை கட்டிப் பொருத்தும் கேமராக் கை அவர்களுக்குச் சரி, அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் முக்காலி விரிக்க முடியாது. நீங்கள் தரையில் நிற்கிறீர்கள். தென்னை ஆடும் மரம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் தோப்புக்குள் நேராக நுழையும், ஆடியில் கேட்கவே வேண்டாம். மட்டையும் தேங்காயும் விழும் இடத்தைத் தவிர்த்து, உங்கள் தோளுக்குப் பின்னால் இரண்டு மீட்டர் தள்ளி முக்காலியைத் தரையில் ஊன்றுங்கள். நடுக்கம்பியை உயர்த்தாதீர்கள். அதன் கொக்கியில் 5 லிட்டர் தண்ணீர்க் கேனை, அடி தரையை லேசாகத் தொடும்படி தொங்கவிடுங்கள். முழுவதும் அந்தரத்தில் தொங்கினால் கேனே காற்றில் ஆடி முக்காலியையும் ஆட்டும். ஃப்ளூயிட் ஹெட் (கேமராவை உதறலில்லாமல் மெதுவாகத் திருப்ப உதவும் தலைப்பகுதி) உள்ள முக்காலிக்கு 8,000 முதல் 10,000 வரை ஒதுக்குங்கள். செட்டோடு வரும் பிளாஸ்டிக் முக்காலி செல்ஃபிக்குத்தான் ஆகும்.

ஹேண்டிகேம் வாங்கினால் செல்போனை இரண்டாவது கேமராவாக வையுங்கள். எய்யும் கோட்டுக்கு முன்னால் போகாமல், உங்கள் நெஞ்சுப் பக்கம் மூன்று மீட்டர் தள்ளி, நொடிக்கு 240 படம் என்ற ஸ்லோமோஷனில். ரிகர்வ் அம்பு நொடிக்கு 55 மீட்டர் அளவில் போகும். சாதாரண 30 படத்தில், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் அது கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் தாண்டிவிடும். 240-இல் 23 செ.மீ.தான், விரல் நாணை விடும் விதம் தெளிவாகத் தெரியும். இலை நிழல் ஆடுவதால் வெளிச்சமும் ஃபோகஸும் மாறிக்கொண்டே இருக்கும். திரையில் உங்கள் முகம் வரும் இடத்தை அழுத்திப் பிடித்து இரண்டையும் பூட்டிவிடுங்கள்.

மைக் சட்டையில் குத்தும் வகையாக இருக்கட்டும், மேலே காற்றிரைச்சலைத் தடுக்கும் முடி உறை கட்டாயம். வெறும் பஞ்சு உறை உங்கள் ஊர்க் காற்றுக்குத் தாங்காது. லைட் வேண்டவே வேண்டாம். மெமரி கார்டு 64 ஜிபி, V30 என்ற வீடியோ வேகக் குறியோடு இரண்டு. போலிக் கார்டு சந்தையில் ஏராளம். வாங்கிய அன்றே முழுக் கொள்ளளவுக்கும் வீடியோக்களை நிரப்பி, முதல் கோப்பிலிருந்து கடைசிக் கோப்புவரை எல்லாம் கணினியில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். போலியானால் பல கோப்புகள் திறக்காது.

இனி அந்தத் ‘தெரிஞ்சவர்’. ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் மாட்டுத் தரகர்கூட மாட்டைக் கண்ணெதிரில் நிறுத்திப் பல்லைப் பிடித்துப் பார்க்க விடுவார். இப்படிச் செட்டாக வாங்கித் தருபவர்கள் பெட்டியைப் பிரிக்கவே விடமாட்டார்கள். ஜிஎஸ்டி 18 சதவீதம் மிச்சம் என்று பில் தராமல் விடுவார்கள். பில் இல்லையென்றால் வாரண்டி இல்லை, அந்த ‘மிச்சம்’ அவர் பைக்குள். இறக்குமதிப் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை ஒட்டியிருக்க வேண்டும் என்று 2011-இலிருந்தே விதி இருக்கிறது. கடைக்குள் எட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியைத் தடைசெய்தார்கள், அதுவும் மேசைக்கு அடியில் கிடைக்கிறது. மாட்டினால் வாங்கியவரும் பதில் சொல்ல வேண்டி வரலாம். ‘கூட ஒரு ட்ரோனும் சேர்த்துத் தர்றேன்’ என்று வந்தால் அதே இடத்தில் மறுத்துவிடுங்கள். ஏற்கெனவே முன்பணம் கொடுத்து ஏமாந்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

ஒன்று சொல்லியாக வேண்டும். அங்கே அவர்கள் உரிமம் வாங்கி, அனுமதித்த பருவத்தில் வேட்டையாடுகிறார்கள். இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தோப்புக்குள் வந்து கிழங்கைத் தோண்டும் காட்டுப்பன்றி மீதுகூட நீங்களாக அம்பு விடக் கூடாது. எவ்வளவு நஷ்டமானாலும் வனத்துறையிடம்தான் போக வேண்டும். அலைக்கழிப்பார்கள், தெரியும். பன்றி வந்த நேரத்தையும் சேதத்தையும் இதே கேமராவில் எடுத்து மனுவோடு கொடுங்கள்.

முதல் நாள் பதிவில் இரண்டு கேமராவும் ஓடத் தொடங்கியதும் எய்யும் கோட்டில் நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்டுங்கள். எடிட்டிங்கில் இரண்டு காட்சியையும் அந்தச் சத்தத்தில் பொருத்திக்கொள்ளலாம். அத்தனை அம்பும் எய்து முடித்து, பலகையிலிருந்து பிடுங்கிக்கொண்டு திரும்பும்வரை பதிவை நிறுத்தாதீர்கள். நடுவில் நிறுத்தினால் அடுத்த அம்புக்கு மறுபடி ‘ரெக்கார்ட்’ அழுத்த மறந்துவிடும்.