பாண் வாங்க வரும் பிள்ளை

கேள்வி: மாங்குளத்துக்குப் பக்கத்தில் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். தினமும் பின்னேரம் பாண் வாங்க வரும் 14 வயதுப் பையன் அம்மம்மாவோடு இருக்கிறான். தகப்பன் இல்லை, தாய் குவைத்தில். ஒரு மாதமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பள்ளிக்கூடமும் ஒழுங்கில்லையாம். நான் படித்தவள் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அவன் முகம் மாறியதைக் கவனித்திருக்கிறீர்களே, அதற்குப் படிப்புத் தேவைப்படவில்லை. மிச்சக் காசு எண்ணிக் கொடுக்கும் அந்த அரை நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். ‘ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை?’ என்று எடுத்தவுடன் கேட்க வேண்டாம். அதைக் கேட்க ஊரே இருக்கிறது. ‘தம்பி, இந்த அரிசி மூட்டையை ஒருக்கால் பிடி’ என்று கூப்பிடுங்கள். எதிரே இருத்தி வைத்துக் கேட்டால் வாயே திறக்காத பையன்கள், பக்கத்தில் நின்று மூட்டை பிடிக்கும்போது தாங்களாகவே பேசுவார்கள். பேசாவிட்டாலும் சரி, நாளைக்கும் கூப்பிடுங்கள். (வேலைக்கு வைக்கச் சொல்லவில்லை. பள்ளிக்கூட நேரத்தில் கடையில் நிற்க விடவே கூடாது.) அவன் சொன்னது எதுவும் அடுத்து வரும் வாடிக்கையாளர் காதுக்குப் போகக் கூடாது. ஒரு தடவை போனால் போதும், அப்புறம் பாண் வாங்கக்கூட வரமாட்டான்.

ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வேர்னர் என்ற உளவியலாளர் 40 வயது வரை தொடர்ந்து பார்த்தார். வறுமை, குடும்பச் சண்டை என்று பல கஷ்டங்களோடு வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே ஆளானார்கள். அவர்களைத் தாங்கியவற்றில் ஒன்று, அக்கறையோடு பார்த்துக்கொண்ட ஒரு பாட்டியோ ஆசிரியரோ அயலவரோ. 2009இல் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே யாரோ பெற்ற பிள்ளைக்கு யாரோ ஒரு மாமி தலை வாரிவிட்டுக்கொண்டிருப்பார்.

அம்மம்மாவையும் போய்ப் பாருங்கள். அவருக்கும் பேச ஆள் வேண்டும். வகுப்பாசிரியரைப் பார்க்கப் போகப் பயந்தால் கூடப் போங்கள். தாய் போன் எடுக்கும்போது முறைப்பாடு மட்டும் போகாமல், அவன் மூட்டை பிடித்த கதையும் போகட்டும்.

உடம்பில் காயம் கண்டாலோ, யாராவது அடிக்கிறார்கள், தொந்தரவு செய்கிறார்கள் என்று தெரிந்தாலோ பொத்தி வைக்க வேண்டாம். 1929க்கு எடுங்கள், சிறுவர்களுக்கான இலக்கம் அது. சாகப் போகிறேன் என்று சொன்னால், விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைக்காதீர்கள். தனியே விடாமல் 1926க்கு எடுங்கள், மனநல உதவிக்கான இலக்கம் அது. ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போங்கள்.

இன்றைக்குப் பின்னேரம் வருவான்தானே. அந்த மூட்டையிலிருந்தே தொடங்குங்கள்.