என்ன பரீட்சை?

அன்புள்ள அக்காவுக்கு,

போன வருடமே கொடைக்கானலில் பத்து நாள் அறை எடுத்து என் நாவலை முடித்துவிடுவது என்று இருந்தேன். நடக்கவில்லை. மாமியாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன் பணிப்பெண் கூட்டிப்போவார், சனிக்கிழமை என் முறை. மகளுக்கு இந்த வருடம் தொடக்கப்பள்ளி இறுதிப் பரீட்சை, பி.எஸ்.எல்.இ. வேறு. விமானம் ஏறுவதை மறந்துவிட வேண்டியதுதான். அதனால் பக்கத்திலேயே ஒரு ரைட்டிங் ரிட்ரீட் போகலாம் என்று திங்கள் முதல் வியாழன் வரை லீவு போட்டிருக்கிறேன். வீட்டில், இந்தோனேசியாவின் பாத்தாம் தீவில் ஆபீஸ் டிரெய்னிங் என்று சொல்லியிருக்கிறேன். புலாவ் உபின் தீவு நல்லதா, பாலம் தாண்டி மலேசியாவில் ஜொகூர் பாருவில் ஓட்டல் எடுக்கலாமா? மடிக்கணினி கொண்டுபோவதா, கையால் எழுதுவதா? ஒரு நாளைக்கு எத்தனை சொல் எழுதினால் சரி?

சிங்கப்பூர் பொங்கோலிலிருந்து ஒரு வாசகி
(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். அடியில் ஒரு நீல ஸ்வெட்டர் கிடைத்தது. முழங்கையில் நூல் பிரிந்திருக்கிறது. தூக்கிப்போட மனம் வராமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது உங்கள் கடிதத்தைப் பார்த்தேன். ஸ்வெட்டர் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடலாம். மடிக்கணினியா கையா என்பதெல்லாம் உங்கள் முதுகுவலியைப் பொறுத்தது. சொல் கணக்கை என்னிடம் கேட்காதீர்கள், நான் எண்ணியதில்லை. ஜொகூர் பாரு வேண்டாம். பாலம் என்னவோ ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். நெரிசல் நாளில் அதைக் கடந்து அந்தப் பக்கம் இறங்குவதற்குள் நாவலில் வருகிற ஆட்கள் எல்லாரும் செத்துப்போயிருப்பார்கள்.

இந்த ரிட்ரீட் ஆசை எனக்கும் இருந்தது. 2010 வாக்கில் நானும் இரண்டு தோழிகளும் சென்ட் ஜான்ஸ் தீவில் ஒரு பங்களாவை மூன்று இரவுக்கு எடுத்தோம். மெரினா சவுத் பியரிலிருந்து படகு. தீவில் கடை கிடையாது என்பதால் அரிசி, பருப்பு, முட்டை, ஊறுகாய், கொசுவர்த்தி என்று ஒரு கல்யாண வீட்டுக்கு ஆகிற சாமான்களைச் சுமந்துபோனோம். தீவு முழுக்கப் பூனைகள். தெற்கே கடலில் வரிசையாக நங்கூரம் போட்ட கப்பல்கள், ராத்திரியானால் அவற்றின் விளக்குகள். மூன்று நாளில் நான் எழுதியது பூனைகளைப் பற்றி ஒரு பக்கம். அப்புறம் யார் எத்தனை வெள்ளி (டாலர்) போட்டோம் என்ற கணக்கு.

அங்கே போன பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. 1874இலிருந்து பல காலம் அந்தத் தீவு தனிமைப்படுத்தும் நிலையமாக இருந்தது. வருகிற கப்பலில் அம்மை கண்டால் பயணிகளை அங்கே இறக்கிவிடுவார்கள். நாகப்பட்டினத்தில் டெக் டிக்கெட் வாங்கி ஏறிய என் தாத்தா சிங்கப்பூரில் முதலில் கால் வைத்தது அங்கேதான். தீவு என்று அவர் சொன்னதே இல்லை, 'கேம்ப்' என்பார். மருந்துத் தண்ணீரில் குளிக்கவைத்ததை எண்பது வயதிலும் கோபமாகச் சொல்வார். எதிரே ஊர் தெரிகிறது, போகக் கூடாது. வேண்டாம் வேண்டாம் என்று அவர் அழுத தனிமையை நான் வாடகை கொடுத்து எடுத்துப் பூனையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

சரி, உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காமல் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். பாத்தாமில் ஆபீஸ் டிரெய்னிங்.

ஏன் அம்மா இப்படி? உபினில் உட்கார்ந்துகொண்டு பாத்தாமில் இருப்பதாக நாலு நாள் நடிப்பீர்களா? வீடியோ கால் வந்தால் பின்னால் தெரிகிற மரத்துக்கு என்ன சொல்வீர்கள்? வரும்போது கேக் லாப்பிஸ் வாங்கிவா என்று கணவர் சொன்னால் தேடிக்கொண்டு எங்கே அலைவீர்கள்? ஒரு நாவலில் பொய் சொல்லவே நமக்குத் தெம்பு போதவில்லை, வீட்டில் இன்னொன்றைக் கட்டி எழுப்பி அதற்குக் காவலும் இருக்க வேண்டுமா?

இந்தக் கோபம் உங்கள் மேல் இல்லை, இருபத்தேழு வயது அசடு ஒருத்தி மேல்.

2006. விக்டோரியா ஸ்ட்ரீட்டில் புதிய தேசிய நூலகம் திறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஒன்பதாவது மாடியில் தமிழ்ப் புத்தகங்கள். எடுத்துப்போக முடியாது, அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். ஆள் அதிகம் வராது. ஐந்தரைக்கு ஆபீஸ் முடிந்ததும் நேரே அங்கே போய், ஒன்பது மணிக்கு மூடப்போகிறோம் என்று அறிவிக்கும்வரை எழுதுவேன். வாரத்தில் மூன்று நாள். தோ பாயோ வீட்டில் அம்மாவிடம் ஓவர்டைம் என்று சொல்லியிருந்தேன். நாலு மாதம் ஓடியது. ஓடியது என்றா சொன்னேன்? பாதிக் காது கைப்பேசியில்தான். லிஃப்ட் திறக்கும்போதெல்லாம் தெரிந்தவர் யாராவது வந்துவிட்டார்களா என்று நிமிர்ந்து பார்ப்பேன். நாலு மாதத்தில் ஒரே ஒரு கதை. அதிலும் கதாநாயகி எதற்கோ பயந்துகொண்டே இருந்தாள், எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

ஒரு நாள் அம்மா வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டார். என் கைப்பேசி சத்தம் அடக்கிப் பைக்குள் கிடந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போன் போட்டிருக்கிறார். "அவங்க எப்பவும் அஞ்சரைக்கே கிளம்பிடுவாங்களே" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

பத்து மணிக்கு வந்தேன். புளோக்கின் கீழ்த்தளத்தில் செஸ் கட்டம் போட்ட கல்மேசை இருக்கும் இல்லையா, அதன் முன்னால் அம்மா. மேசைமேல் மார்க்கெட் பை, அதில் கங்கோங் கீரை வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "யார் அவன்?"

"யாரும் இல்லைம்மா. எழுதப் போறேன்."

"என்ன பரீட்சை?"

"பரீட்சை இல்லை. கதை."

அம்மா கொஞ்ச நேரம் கல்மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தன் இருந்திருந்தால் அவருக்கு இன்னும் சுலபமாகப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்புறம், "அதுக்கு எதுக்குடி பொய்? அதானே, ஓவர்டைம் காசைக் காணோமேன்னு பார்த்தேன்" என்றார்.

அவ்வளவுதான் சண்டை. அடுத்த வாரத்திலிருந்து எல்லாம் மாறியது. பக்கத்து வீடுகளில் "பொண்ணு எழுதப் போயிருக்கு" என்று அம்மா சொல்ல, அவர்கள் நான் பகுதிநேர டிகிரி படிப்பதாக எடுத்துக்கொண்டார்கள். அம்மா திருத்தவில்லை. அங்கே ஏர்கான் குளிரில் விரல் விறைக்கிறது என்று ஒரு நாள் சொல்லிவைத்தேன், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பன்னிரண்டு வெள்ளிக்கு அந்த நீல ஸ்வெட்டரை வாங்கிவந்தார். சோம்பல்பட்டு நேரே வீட்டுக்கு வந்த நாட்களில் வாசலிலேயே "ஏன், இன்னிக்கு எழுதலையா?" என்று நிறுத்துவார். என் கதைகளில் ஒன்றைக்கூட அவர் படித்ததில்லை. இருந்தும் அந்தக் கேள்விக்குப் பயந்தே முதல் தொகுப்பு முடிந்தது. அதில் பாதி குப்பை, அது வேறு விஷயம்.

அம்மாவிடம் சொல்வது வேறு, கணவரிடமும் மாமியாரிடமும் சொல்வது வேறு என்பீர்கள். வேறுதான். முதலில் சிரிப்பார்கள். அதில் காசு வருமா என்று கேட்பார்கள். மகளுக்குப் பரீட்சை வருஷத்தில் உனக்கு இது தேவையா என்று ஒரு குரல் நிச்சயம் வரும். வரட்டும். ஒரு ராத்திரி மனசு கஷ்டமாக இருக்கும். ஆனால் பொய் சொல்லிப் போனால் நாலாம் நாள் திரும்பி வந்த பிறகு அடுத்த தடவைக்கு இன்னொரு டிரெய்னிங் கண்டுபிடிக்க வேண்டும். எத்தனை தடவைதான் பாத்தாம் போவீர்கள்? உண்மையைச் சொல்லிப் போனால், அடுத்த தடவை சும்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். கள்ளக்காதல் மாதிரி ஒளித்துச் செய்கிற வேலையா இது? நீங்களே இதை டிரெய்னிங்கைவிடக் கீழாக வைத்தால் வீட்டில் மற்றவர்கள் எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்?

இன்னொன்று. சனிக்கிழமை என் முறை என்று அலுத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். மாமியாரை மெஷினில் சேர்த்துவிட்டு அந்த நாலு மணி நேரம் என்ன செய்கிறீர்கள்? நான் சொல்லட்டுமா? போனைத் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள், இல்லையென்றால் என்டியூசி கடையில் சாமான் வாங்குவீர்கள். மாதத்துக்குப் பதினாறு மணி நேரம் ஆகிறது. கொடைக்கானலில் பத்து நாள் தங்கினாலும் உண்மையில் எழுத உட்காருவது அவ்வளவு நேரம்தான். கீழே ஒரு காப்பிக்கடை இருக்கும். டிஷ்யூ பொட்டலத்தை வைத்து மூலை மேசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பால் போடாத தே ஓ ஒன்று சொல்லிவிட்டால் யாரும் எழுப்ப மாட்டார்கள். போவதற்கு முன்னால் மாமியாரிடம் எங்கே உட்கார்ந்து என்ன செய்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஊசி குத்திப் படுத்திருக்கிறவருக்கும் பேச ஒரு விஷயம் வேண்டாமா?

கடுமையாக எழுதிவிட்டேனோ என்னவோ. அக்கா என்று கூப்பிட்டீர்கள், அதற்கான கூலி இது.

உபின் பற்றி அல்லவா கேட்டிருந்தீர்கள்! தாராளமாகப் போங்கள். சாங்கி பாயிண்ட்டில் படகுக்கு 12 பேர் சேர வேண்டும், வார நாளில் கொஞ்சம் காத்திருக்க நேரும். பகல் முழுக்க இருந்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். காட்டுப்பன்றி உண்டு, குரங்கும் உண்டு. சாப்பாட்டுப் பையைத் தரையில் வைக்காதீர்கள்.