வால்பாறையில் நடப்பதைக் குறையுங்கள், நிற்பதைக் கூட்டுங்கள்

கேள்வி: திருச்சியில் இருக்கிறோம். ஊட்டி, கொடைக்கானல் கூட்டம் அலுத்துவிட்டது. அரையாண்டு விடுமுறையில் மூன்று நாள் வால்பாறை போகலாம் என்று எண்ணம். 68 வயது அப்பா, எட்டு வயது மகள் உட்பட ஐந்து பேர். காட்டுக்குள் ட்ரெக்கிங் போக முடியுமா? விலங்குகள் பார்க்க ஜீப் வேண்டுமா? பயமில்லாத இடம்தானா?

பதில்: ட்ரெக்கிங்கை முதலில் முடித்துவிடுவோம். வால்பாறையில் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிவதெல்லாம் நாம் நடக்கிற இடமில்லை. தேயிலைக்காடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். அதைச் சுற்றி நிற்கும் நிஜக்காடு ஆனைமலை புலிகள் காப்பகம். "யாருக்கும் தெரியாத அருவி சார், நான் கூட்டிட்டுப் போறேன்" என்று ஒருவர் கட்டாயம் வருவார். போகாதீர்கள். மாட்டினால் அபராதம் கட்டுவது நீங்கள்தான், அவர் அல்ல. முறையான வழி, 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இணையப் பதிவு. அதிலுள்ள 40 பாதைகளில் மானாம்பள்ளி இந்தப் பக்கத்துக் காடு. வழிகாட்டி கூடவே வருவார். வயது நிபந்தனை இருக்கிறது, மகளுக்காக அதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், இந்தக் குழுவுக்கு ட்ரெக்கிங்கே தேவையில்லை. ஜீப்பும் வேண்டாம். வால்பாறையின் அதிசயம், காட்டில் பார்க்க வேண்டியதெல்லாம் தார்ச்சாலை ஓரத்திலேயே தெரிவதுதான். ஆழியாரிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் எல்லோரும் அணையோடு செல்ஃபி எடுப்பார்கள். நீங்கள் அணைக்கு முதுகைக் காட்டிவிட்டு, மேலே உள்ள மொட்டைப் பாறைச் சரிவைப் பாருங்கள். பாறை நிறத்திலேயே வரையாடு நிற்கும். அசைந்தால்தான் ஆடு, இல்லாவிட்டால் கல்.

ஊருக்குச் சற்று முன்னால் புதுத்தோட்டம். சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருப்பார்கள், சிங்கவால் குரங்குகள் வண்டியில் அடிபடாமல் கடக்க. காலை ஏழு மணிவாக்கில் வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை அணைத்துவிட்டு, அரைமணி நேரம் சும்மா நில்லுங்கள். ஒரு ஜனவரிக் காலையில் நான் அங்கே இருபது நிமிடம் நின்று பொறுமையிழந்து கதவைத் திறந்தேன். தலைக்கு மேல் ரயில் என்ஜின் மூச்சு விடுவதுபோல் 'ஹுஷ், ஹுஷ்' என்று சத்தம். ஒரு ஜோடி இருவாச்சி. அதன் இறக்கைச் சத்தம்தான் எப்போதும் முதலில் வரும், பறவை பிறகுதான். குரங்குகளுக்கு ஒரு பிஸ்கட்கூடக் கொடுக்காதீர்கள். தின்ற குரங்கு அடுத்த வண்டிக்காக நடுரோட்டில் வந்து உட்காரும்.

இனி பயம். வீட்டு வாசல் வரை யானை வருகிற ஊர் இது. அந்தி நேரத்தில் எஸ்டேட் சாலையில் ஒரு கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால், அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் யானை நிற்கிறது என்று அர்த்தம். உள்ளூர்க்காரர்கள் செல்போனிலிருந்தே எரியவிடுவார்கள். அதைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிவிடுங்கள். யானை எதிரே வந்துவிட்டால் ஹாரன், ஃபிளாஷ், கூச்சல் எதுவும் கூடாது. தூரத்திலேயே நிறுத்தி, மெதுவாகப் பின்னால் எடுங்கள். மேய்ந்துகொண்டிருந்த யானை சட்டென்று அசைவை நிறுத்திக் காதை விரித்தால் அது உங்களைக் கவனித்துவிட்டது. அதற்குமேல் அங்கே நிற்கக்கூடாது.

யானையைவிட எனக்குக் கவலை உங்கள் மகளைப் பற்றி. இருட்டிய பிறகு தங்கும் விடுதி முற்றத்தில்கூட அவளைத் தனியே விளையாட விடாதீர்கள். தேயிலைச் செடி இடுப்பளவுதான், ஆனால் சிறுத்தை மறைய அது போதும். எஸ்டேட் குழந்தைகளையே தூக்கிப்போன சோகம் அங்கே நடந்திருக்கிறது.

ஆறும் அப்படித்தான். கூழாங்கல் ஆறு பார்க்கக் கணுக்காலளவு போலிருக்கும். 2023 அக்டோபரில் சோலையாறு எஸ்டேட் பக்கம் ஆற்றில் குளித்த கோவைக் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் திரும்பவில்லை. கரையில் உட்கார்ந்து காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மற்றவை சுருக்கமாக: 2025 நவம்பரிலிருந்து இ-பாஸ் கட்டாயம், வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பாட்டில்களைப் பொள்ளாச்சியிலேயே விட்டுவிடுங்கள். மாலை நாலு மணிக்குள் ஆழியார் சோதனைச் சாவடியைத் தாண்டிவிடுங்கள். ஏறும்போது குழந்தைக்கு வயிறு நிறையச் சாப்பாடு வேண்டாம். இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைக்காமல் இரண்டாவது கியரில் விடுங்கள். அப்பாவின் மாத்திரைகள் இரண்டு நாளுக்குக் கூடுதலாக இருக்கட்டும். டிசம்பர் கடைசியில் அட்டைத் தொல்லை குறைவு. ஈரமான புல்லில் ஒன்றிரண்டு ஏறினால் பிய்த்து இழுக்காமல் உப்பு வையுங்கள், தானே விழும்.

கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களை ஒட்டிப் போனால் நீங்கள் ஓடிவந்த ஊட்டிக் கூட்டம் அங்கேயும் நிற்கும். இடையில் வரும் வாரநாட்களைப் பிடியுங்கள். யாரிடமாவது பைனாகுலர் இரவல் வாங்குங்கள், முடிந்தால் இரண்டு. ஒன்றுதான் என்றால் மகளிடமிருந்து அது அப்பாவுக்குக் கிடைக்காது.