கவுன்சில் வீட்டுக் கணக்கு: கேள்வி – பதில்

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். வீடு கட்டவும் பழுதுபார்க்கவும் ஒதுக்கிய பணத்தில் பாதிக்கும் மேலான தொகை இன்னும் செலவாகவில்லை என்கிறது எங்கள் கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) மூன்றாம் காலாண்டு அறிக்கை. மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

அவசரப்படாதீர்கள். வேலை முடிந்தும் பணம் மிஞ்சினால்தான் மிச்சம். வேலையே அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனால் அது ‘ஸ்லிப்பேஜ்’. பெரும்பாலும் நடப்பது இதுதான்.

அட்டவணையில் ‘ரிவைஸ்டு பட்ஜெட்’ (திருத்திய ஒதுக்கீடு) என்ற பத்தியை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு திட்டத்துக்குப் பிப்ரவரியில் 60 லட்சம் பவுண்ட் ஒதுக்கி, அக்டோபரில் அதை 35 லட்சமாகத் திருத்தி, கடைசியில் 34 லட்சம் செலவழித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் 97 சதவீதம் என்று வரும். முதலில் ஒப்புதல் தந்த தொகையோடு பார்த்தால் 57 சதவீதம்தான். டிசம்பர் வரை மூன்றில் ஒரு பங்குதான் செலவு, ஆனால் மார்ச் முடிவுக்கு 90 சதவீதம் என்று கணிப்பு போட்டிருந்தால், காண்டிராக்டர் இப்போது சைட்டில் இருக்கிறாரா என்று கவுன்சிலரிடம் கேளுங்கள்.

தாமதத்துக்கு நியாயமான காரணங்களும் உண்டு. பழைய ஃபிளாட்டில் சுவரைத் திறந்தால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். குறைந்தது 18 மீட்டர் உயரம் அல்லது ஏழு தளம் உள்ள குடியிருப்பு என்றால், 2023 அக்டோபரிலிருந்து கட்டடப் பாதுகாப்பு ஒழுங்காணையத்தின் ‘கேட்வே 2’ ஒப்புதல் இல்லாமல் கட்டத் தொடங்க முடியாது. புதுக் கட்டடத்துக்கு 12 வாரம் என்பது விதி. பல மனுக்கள் அதையும் தாண்டி இழுத்தன. தள்ளிப்போனால் கடன் வாங்குவதும் தள்ளிப்போகும், அந்த ஆண்டு வட்டி குறையும். ஆனால் டெண்டர் விலை ஏறும். கெடு வைத்த மானியம் கைநழுவும்.

கேள்வி: கவுன்சில் வீடுகளுக்கான செலவு நான் கட்டும் உள்ளாட்சி வரியான கவுன்சில் டாக்ஸிலிருந்தா போகிறது?

இல்லை. வாடகைக்கு விடச் சொந்தமாக வீடுகள் வைத்திருக்கும் இங்கிலாந்துக் கவுன்சில்களுக்கு ‘ஹவுசிங் ரெவென்யூ அக்கவுண்ட்’ என்ற தனிக் கணக்கு உண்டு. 1989ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வேலி போட்டது. வாடகைப் பணம் கவுன்சில் டாக்ஸ் சேரும் பொதுக் கணக்குக்குப் போகக் கூடாது, அங்கிருந்து இங்கும் வரக் கூடாது. 2012 ஏப்ரல் முதல் அந்தக் கணக்கு தன் வாடகையிலேயே நிற்க வேண்டும். கூரை, சமையலறை, பாய்லர் மாற்றும் செலவுக்குப் பெரிய பழுதுபார்ப்பு ஒதுக்கீடு. புது வீட்டுக்கு ‘ரைட் டு பை’ (குடியிருப்பவரே வீட்டை வாங்கும் உரிமை) விற்பனைப் பணம், மானியம், கடன்.

கவனிக்க வேண்டியது கடன்தான். அந்தக் கணக்குக்கு இருந்த கடன் உச்சவரம்பை 2018 அக்டோபரில் நீக்கிவிட்டார்கள். பொதுக் கணக்கில் வாங்கிய கடனுக்கு ஆண்டுதோறும் அசலில் ஒரு பங்கை எடுத்து வைத்தாக வேண்டும். வீட்டுக் கணக்கில் அந்தக் கட்டாயம் இல்லை. அசல் குறையாமலே வட்டி ஓடும். அதனால் வாடகை வருமானத்தில் எத்தனை சதவீதம் வட்டிக்குப் போகிறது என்ற வரியைத் தேடுங்கள். அது ஆண்டுக்கு ஆண்டு ஏறினால் பழுதுபார்ப்புதான் முதலில் அடி வாங்கும்.

கேள்வி: சாதாரண ஆள் நான், பில்லைப் பார்க்க முடியுமா?

முடியும். 2014ஆம் ஆண்டு உள்ளாட்சித் தணிக்கைச் சட்டப்படி, கணக்கு வெளியானதும் 30 வேலைநாள் பொதுப் பார்வைக் காலம் உண்டு. அந்தக் கணக்காண்டுக்கான ஒப்பந்தங்களையும் இன்வாய்ஸ்களையும் பார்த்து நகல் எடுக்கலாம். ‘எல்லாம் காட்டுங்கள்’ என்று எழுதாதீர்கள், இழுத்தடிக்க வசதியாகிவிடும். திட்டத்தின் பெயர், காண்டிராக்டர், மாதம் மூன்றையும் குறிப்பிடுங்கள். தணிக்கையாளரிடம் ஆட்சேபம் எழுப்ப அந்தப் பகுதி வாக்காளராக இருக்க வேண்டும்; ஆட்சேபத்தை எழுத்தில், அந்த 30 நாளுக்குள் தர வேண்டும்.

கேள்வி: கவுன்சில் கட்டடத்தில் ஒரு ஃபிளாட்டை நீண்டகாலக் குத்தகைக்கு (லீஸ்) வாங்கிய லீஸ்ஹோல்டர் நான். கட்டடத்தின் கூரைச் செலவில் என் பங்கு எவ்வளவு வரும்?

லீஸில் எழுதியிருக்கும் விகிதம்தான். ஒருவர் பங்கு 250 பவுண்டைத் தாண்டினால் ‘செக்‌ஷன் 20’ நோட்டீஸ் தந்து கருத்துக் கேட்டாக வேண்டும். கேட்காமல் வேலை செய்தால், தீர்ப்பாயம் விலக்கு தராதவரை 250 பவுண்டுக்கு மேல் வசூலிக்க முடியாது.