அருவாளும் கொழம்பும் - கடிதம்

வணக்கம் அண்ணா,

எனக்கு சொந்த ஊரு கோயம்புத்தூருங்க. மாத்தலாகி மதுரை வந்து எட்டு மாசமாச்சு. கிளம்புறப்ப வீட்ல எல்லாரும் 'மதுரையா, அருவாளோட திரிவாங்க, பாத்து இரு'ன்னு பயமுறுத்தி அனுப்புனாங்க. வந்து பாத்தா அவ்ளோ பாசக்கார ஜனம், பக்கத்து வீட்டு அக்கா கொழம்பு குடுத்து விடாத நாளே இல்லைங்க. அப்ப இப்பிடி ஒரு ஊருக்கே முத்திரை குத்துற ஸ்டீரியோடைப் எல்லாமே பொய்தானா? கொஞ்சம்கூட உண்மை இருக்காதா?

ஒரு வாசகர், வில்லாபுரம்

தம்பி,

கொழம்புச் சட்டிய வெறுமனே திருப்பிக் குடுத்துராதீங்க, அது மொதல்ல.

'அருவா ஊரு'ங்கறத அழிச்சுட்டு அதே எடத்துல 'பாசக்கார ஊரு'ன்னு எழுதிட்டீங்க, ரெண்டும் ஒரே சரக்குதான். நாளைக்கு பெரியார் பஸ் ஸ்டாண்டுலருந்து வில்லாபுரத்துக்கு ஒரு ஆட்டோக்காரர் முன்னூறு கேட்டா பழையபடி அருவாளுக்கே போயிருவீங்க.

ஸ்டீரியோடைப்ங்கறதே அச்சாபீஸ் வார்த்தை. ஒவ்வொரு எழுத்தாப் பொறுக்கிக் கோத்த பக்கத்த அப்பிடியே அச்செடுத்து ஈயத்த ஊத்தி ஒரே தகடா வார்த்துருவாங்க, எத்தன தடவ வேணா அடிச்சுக்கலாம், ஒரு எழுத்த மாத்தணும்னா மட்டும் பெரும்பாடு. வால்டர் லிப்மேன்னு ஒரு அமெரிக்கப் பத்திரிகைக்காரர் 1922ல அத எடுத்து நம்ம மண்டைக்குள்ள இருக்க படத்துக்குப் பேரா வெச்சாரு. எல்லாத்தையும் புதுசாப் பாக்க ஒருத்தருக்கும் தெம்பு கிடையாதுன்னு அவரே ஒத்துக்கவும் செஞ்சாரு. அதனால உண்மை எத்தன பங்குன்னு கணக்குப் பாக்குறத விட, அந்தத் தகட யாரு கையில வெச்சிருக்காங்கறதுதான் எனக்குப் பெருசாத் தெரியுது.

உசிலம்பட்டிப் பக்கம் பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. வெள்ளக்காரன் 1871ல வடக்க போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ல நம்ம மாகாணத்துக்கும் வந்துச்சு. பிறமலைக் கள்ளர் சாதியில பொறந்தாலே திருடன்னு ரேகை எடுத்தான், ராத்திரியானா ஸ்டேஷன்ல போய்ப் படுக்கணும், நேத்து தாலி கட்டுனவனா இருந்தாலும் சரி, வெளியூர் போக ராத்திரிச் சீட்டு வேற. ரேகை வைக்க மாட்டோம்னு நின்ன பெருங்காமநல்லூர்ல 1920 ஏப்ரல் 3ம் தேதி போலீஸ் சுட்டு 16 பேரு செத்தாங்க, அதுல மாயக்காள்னு ஒரு பொம்பளையும் உண்டு. 1947லதான் இங்க அந்தச் சட்டம் ஒழிஞ்சுச்சு. உங்க வீட்ல சொல்லி அனுப்புன அருவாக் கதைக்கு சினிமாதான் காரணம்னு எல்லாரும் சொல்வாங்க, எனக்கு என்னமோ அதுக்கு இப்பிடி ஒரு தாத்தா இருக்காருன்னுதான் படுது.

நான் மட்டும் என்ன ஒழுங்கு. மகால் பக்கம் குடியிருந்தப்ப மாடியில ஒரு சௌராஷ்டிரா அண்ணன். அவங்க குஜராத்துலருந்து வந்த கதை, நெசவு, சுங்குடிச் சேலை எல்லாம் எனக்கு அத்துபடி, அந்தத் தெம்புல 'அண்ணே, செய்யிற எடத்துலருந்தே நல்ல சுங்குடியா வாங்கித் தாங்க'ன்னு மூணு தீபாவளிக்குக் கேட்ருக்கேன், மனுசன் சிரிச்சுக்கிட்டே எங்கயோ கடையில வாங்கியாந்து குடுத்துருக்காரு. நாலாவது வருசம் எங்க வீட்டு மோட்டார் புகைஞ்சப்பதான் தெரிஞ்சுது, அவரு மோட்டாருக்கு காயில் கட்டுறவரு. தறிய அவங்க தாத்தாவே வித்துட்டாராம். என்ன வேலை பாக்குறீங்கண்ணேன்னு நான் ஒரு வார்த்த கேட்டதில்ல.

அது சரி, கொழம்பு குடுக்குற அக்காவுக்கு எந்த ஊராம்? கேட்டுட்டு எழுதுங்க.